ஸ்கூல் கை

காலையில் பாத்திரத்தோடு பாத்திரமாக மகளின் சிலேட்டையும் கழுவி வைப்பது தையலக்காவின் வேலை. அதே நார், அதே சோப்பு, அதே குழாயடி. முந்தின நாள் எழுதிய மரமும் படமும் வெள்ளைத் தண்ணீராக வழிந்து போகும். சிலேட்டை ஜன்னலோரம் சாய்த்துவிட்டு, ஈரக்கையை நைட்டியிலேயே துடைத்துக்கொண்டு மிஷினில் போய் உட்காருவாள்.

தொற்றுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம் அது. அவள் கணவர் லாரி ஓட்டுபவர். மருந்துப் பெட்டி ஏற்றிக்கொண்டு போனவர், அங்கிருந்து இன்னோர் ஊர், அதைத் தாண்டி வேறோர் ஊர் என்று ஃபோனில் மட்டும்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். இவளுக்கு ஆஸ்பத்திரி அங்கி தைக்கிற வேலை. வெட்டின துணி மூட்டையாக வாசலில் இறங்கும், தைத்தது மூட்டையாகத் திரும்பிப் போகும். எல்லாம் ஒரே நீலம். கண்ணை மூடினாலும் நீலம்தான் தெரியுது என்பாள்.

இரண்டு அறை, ஒரு ஃபோன், இரண்டு பிள்ளைகள். பெரியவன் ஏழாவது. காலை முழுக்க ஃபோன் அவனுடையது. சின்னவள் ஒன்றாம் வகுப்பு, வீட்டில் சிட்டு. அவள் சேர்ந்து சீருடையில் கசங்கல் விழுவதற்குள் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள்.

ஆரம்பத்தில் தையலக்கா என்னென்னவோ செய்து பார்த்தாள். பழைய பித்தானைக் கொட்டி நிறம் நிறமாகப் பிரிக்கச் சொன்னாள். போர்வையில் கூடாரம் கட்டிக்கொடுத்து, தலையணைகளை மாணவர்களாக்கினாள். "என்னடி, உன் பிள்ளைங்க எல்லாம் ஒழுங்கா படிக்குதுங்களா?" என்று கேட்டால், "அதுங்க படிக்குதும்மா, டீச்சருக்குத்தான் ஒண்ணும் தெரியல" என்று பதில் வந்தது. கடைசியில் கைகொடுத்தது ஒரு காந்தத் துண்டு. தையல் மேஜைக்கு அடியில் புகுந்து, விழுந்த குண்டூசிகளைக் காந்தத்தால் பொறுக்குவது சிட்டுவின் உத்தியோகம் ஆனது. உள்ளே போனால் சத்தமே இருக்காது. இருக்கிற வரைக்கும் லாபம் என்று தையலக்காவும் குனிந்து பார்க்கவில்லை.

ஆனால் சிட்டுவின் வகுப்பு மிஸ் விடுவதாக இல்லை. காலையில் ஃபோனில் அவர் குரல் பதிவு வரும்: "கண்ணுங்களா, இன்னைக்கு இந்த மூணு வார்த்தை. சாயங்காலத்துக்குள்ள சிலேட்டுல எழுதி போட்டோ அனுப்பணும்." மறுநாள் அனுப்பாதவர்களின் பெயரை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார். குரலில் கோபமே இருக்காது. அதுதான் சுருக்கென்று தைக்கும். பெயர் வாசித்த அன்றைக்கெல்லாம் தையலக்காவுக்குத் தையல் கோணிக்கொண்டே போனது.

ஒரு சாயங்காலம் மூட்டை எடுக்க வண்டி வந்து போவதற்குள் சிட்டு சுருண்டு தூங்கிவிட்டாள். சிலேட்டு வெறுமையாக இருந்தது. எழுப்பினால் அழுவாள், சமாதானப்படுத்தத் தெம்பு இல்லை. தையலக்கா சாக்பீஸை எடுத்து 'மரம்' என்று எழுதினாள். அச்சு அசலாக ஒரு பெரிய மனுஷியின் எழுத்து. அழித்துவிட்டு மூன்று வார்த்தையையும் இடது கையால் எழுதினாள். இப்போது கோடு நடுங்கியது, 'பழம்' என்பதில் ழ-வின் வால் எங்கோ இழுத்துக்கொண்டு போனது. ஒன்றாம் வகுப்பு தோற்றுப்போகும். போட்டோ அனுப்பியதும் மிஸ்ஸிடமிருந்து ஒரு நட்சத்திரம் வந்தது.

பாவம் என்பது முதல் தடவைதான். அப்புறம் அது வீட்டு வேலை. அடுப்பை அணைத்து, துணி மடித்து, சிலேட்டு எழுதி. பல நாள் சிட்டு முழித்துக்கொண்டுதான் இருப்பாள். மோவாயை மேஜையில் ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

"ஏம்மா அந்தக் கைல எழுதற?"

"ஸ்கூலுக்கு எழுதினா அப்படித்தான்."

"ஸ்கூல் கையா?"

"ஆமாண்டி தாயே, ஸ்கூல் கை. போய் ஊசி பொறுக்கு."

இப்படியே வருஷம் முடிகிற மாதிரி வந்தபோது மிஸ்ஸின் குரல் வேறு சேதி சொன்னது. ஒவ்வொரு பிள்ளையையும் வீடியோவில் கூப்பிடுவாராம். கண்ணெதிரே எழுதிக் காட்ட வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் இரண்டாவதுக்கு, தெரியாதவர்கள் மறுபடியும் ஒன்றாவதில். சிட்டுவின் முறை மறுநாள்.

தையலக்கா அந்தப் பதிவை இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். பிள்ளையை ஒரு வருஷம் உட்காரவைக்கப்போவது வியாதியும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, தன் கைதான். லாரியிலிருந்து கணவர் அழைத்தபோது சொல்லித் தீர்த்தாள்.

"அடிப்பாவி, நீயா ஒண்ணாவது பாஸ் பண்ணின?" என்று சிரித்தார் அவர்.

"சிரிங்க. வந்து ஒரு நாள் இருந்து பாருங்க, அப்புறம் சிரிக்கலாம்."

"சரி விடு. ஒரு நாள் இருக்கு. மூணு வார்த்தைதானே?" என்றார்.

தையலக்கா தைத்துக்கொண்டிருந்த அங்கியை அப்படியே விட்டு, "சிட்டு, வெளிய வா" என்றாள். குனிந்தாள். பிறகு மண்டியிட்டு மேஜைக்கு அடியில் தலையை நுழைத்தாள்.

சுவர் முழுக்க எழுத்து. துணியில் குறி போடும் சாக்பீஸ் எங்கே போகிறது என்று இத்தனை நாளாகத் தேடியதற்கு விடை அங்கே இருந்தது. மரம், படம், பழம், கல், பல். சிட்டுவின் கை எட்டுகிற உயரம் வரைக்கும் வரிசை வரிசையாக. எல்லாம் நடுங்கிய கோடு. பழத்துக்கு அதே நீண்ட வால்.

"இதெல்லாம் யாருடி எழுதினது?"

"நான்தான். அடிக்காதம்மா, அழிச்சிடறேன்."

"அடிக்கல. எழுது பாப்போம்."

சிட்டு சாக்பீஸை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, நாக்கைத் துருத்தியபடி 'பழம்' என்று எழுதினாள். மெதுவாகத்தான், ஆனால் தப்பில்லாமல். சாப்பிடுவது, படம் வரைவது, அண்ணனை அடிப்பது எல்லாம் வலக்கை. எழுதுவது மட்டும் இது.

"இந்தக் கைல எழுதிப் பாரு" என்று சோற்றுக்கைக்கு மாற்றிக் கொடுத்தாள் தையலக்கா. கோழி கிளறிய மாதிரி வந்தது. இன்னொரு தடவை. அதுவும் கிளறல். மூன்றாவது தடவை சிட்டுவின் உதடு பிதுங்கியது. "அது வீட்டுக் கைம்மா. அதுக்கு எழுத வராது."

வாசல்படியில் நின்றிருந்த பெரியவன், "விடும்மா. பீச்சாங்கை மகாராணி ரெண்டாவது போகட்டும்" என்றான். அவனை முறைக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மறுநாள் ஃபோனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்தார்கள். மிஸ் முகக்கவசம் இல்லாமல் இருந்தார். குரலை விட வயதானவராகத் தெரிந்தார். பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடித்துக்கொண்டிருந்தது. மிஸ் மூன்று வார்த்தை சொன்னார். சிட்டு இடது கையால் எழுதிச் சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"அட, இடது கைப் பாப்பாவா நீ? போட்டோவுல பாத்த அதே எழுத்து! அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன் மிஸ்."

"பாதிப் பேரு வீட்டுல பெரியவங்களே எழுதி அனுப்பறாங்க. கூப்பிட்டுப் பாத்தாதான் தெரியுது. நீங்க உக்காந்து சொல்லிக்கொடுத்திருக்கீங்க. நல்லது. வலது கைக்கு மாத்தறேன்னு மட்டும் படுத்திடாதீங்க."

தையலக்கா வாயைத் திறந்தாள். பின்னாலிருந்த குழந்தை மிஸ்ஸின் தோளைப் பிடித்து இழுத்தது. "இதோ வரேண்டா" என்று அதனிடம் சொல்லி, "சிட்டு ரெண்டாவதுக்கு வந்தாச்சு" என்று இவர்களிடம் சொல்லி, மிஸ் மறைந்தார்.

பெரியவன் கைதட்டினான். தையலக்கா மிஷினுக்குத் திரும்பினாள். புது மூட்டையைப் பிரித்து, மேலிருந்த துணியை விரித்து, வலது கையில் சாக்பீஸ் பிடித்துக் குறி போட ஆரம்பித்தாள். வளைவும் அளவு எண்களும் வேகமாக, சுத்தமாக விழுந்தன. சிட்டு மேஜையில் மோவாயை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"அம்மா, உன் வீட்டுக் கை மட்டும் எப்படிம்மா நல்லா எழுதுது?"

தையலக்கா துணியை ஊசிக்கு அடியில் கொடுத்துப் பெடலை மிதித்தாள்.

"அப்ப ரெண்டாவதுல நான் எந்தக் கைல எழுதணும்?"

நீலம் நீளமாக ஓடியது. ஓரம் திரும்பியது, மறுபடியும் ஓடியது. மிஷின் நிற்கும் என்று சிட்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் சிலேட்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, சாக்பீஸை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றிப் பார்த்தபடி, அண்ணன் இருந்த அறைக்குப் போனாள்.