கண்ணாடியில் பாதித் தண்ணீர்

அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தது ரயில் கொட்டகை. வைத்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது. அதன் பிறகு அவர் நாலு பேர் எதிரே கண்ணை மூடியதில்லை. பஸ்ஸில் முதுகைச் சாய்க்க மாட்டார். காய்ச்சலில் கிடந்தாலும் யாராவது உள்ளே வந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

நீராவி வண்டியில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் அவர். பாய்லரில் தண்ணீர் குறையாமல் பார்ப்பதும் அவர் பொறுப்புதான். ஒருநாள் நடுவழியில் தண்ணீர் வற்றி, பாய்லரின் ஈய அடைப்பு உருகி, வண்டி படுத்துவிட்டது. பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் பாதிக்குத் தண்ணீர் நின்றது என்று விசாரணையில் படித்துப் படித்துச் சொன்னார். டிரைவர் அவருடைய அக்கா புருஷன். தான் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை என்று கழன்றுகொண்டார். ஃபயர்மேன் தூங்கிவிட்டான் என்று எழுதி, அவரைச் சாம்பல் வார அனுப்பினார்கள். ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல, தூங்கித்தான் போய்விட்டோமோ என்று அவருக்கே ஆகிவிட்டது.

மகள்தான் வம்படியாக அவரை ரயில் அருங்காட்சியகத்துக்கு இழுத்து வந்தாள். கூடத்தின் நடுவே ஓர் எஞ்சினை உள்பக்கம் தெரிய நீளவாக்கில் பிளந்து, பாகத்துக்கு ஒரு வண்ணம் அடித்து நிறுத்தியிருந்தார்கள். எண்ணைப் பார்த்ததும் அவர் கால் நகரவில்லை. அதே வண்டி. அன்றைக்குப் படுத்தது, பிறகு ஓடவே இல்லை.

தொப்பி வைத்த வழிகாட்டி கூட்டத்துக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "இதுல ஒரு ஃபயர்மேன் சுகமா தூங்கிட்டாராம். பாவம், பாய்லர்தான் வெந்துது."

கூட்டம் சிரித்தது. மகள் அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் கையை உருவிக்கொண்டு தடுப்புக் கயிற்றைத் தாண்டிவிட்டார்.

கண்ணாடிக்குத் தண்ணீர் போகும் கீழ்க்குழாயையும் அறுத்திருந்தார்கள். அதன் வாயில் மஞ்சள் வண்ணம் திட்டாக இருந்தது. நகத்தால் சுரண்டினார். மஞ்சளுக்கு அடியில் வெள்ளை. தண்ணீரின் உப்பு கல்லாக இறுகிக் குழாயை அடைத்திருந்தது. பாய்லர் வற்ற வற்ற, கண்ணாடியில் மட்டும் பாதி அப்படியே நின்றிருக்கிறது.

தொடக்கூடாது என்று வழிகாட்டி ஓடி வந்தார்.

"உங்க பேனாவை இதுக்குள்ள விடுங்க தம்பி."

பேனா முட்டி நின்றது. "போகலீங்களே."

"எப்ப அறுத்தீங்க?"

"இருபது வருஷம் இருக்கும். நாங்கதான் பெயின்ட் அடிச்சோம்."

இருபது வருஷமாக டிக்கெட் வாங்கி எத்தனையோ பேர் இதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "அப்ப நான் தூங்கலையாம்மா?" என்று மகளிடம் கேட்டார், அவள் அன்றைக்குக் கூட இருந்தவள் போல.

"தூங்கலப்பா."

வழிகாட்டி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஃபயர்மேன் இவர்தான் என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

மகள் அப்பாவைப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"அன்னைக்கு வண்டி ஓட்டின உங்க மாமாவும் கண்ணாடியைப் பாத்தாரும்மா. பாதி இருக்குன்னு பாத்துட்டுத்தான் சிகரெட் பத்த வெச்சாரு."

முதுகைச் சாய்த்தார். அத்தனை பேர் நடுவில் கண்ணை மூடினார்.

அடுத்த கூட்டம் வந்தது. "இதுல ஒரு ஃபயர்மேன்..." என்று வழக்கம்போல ஆரம்பித்த வழிகாட்டி, பெஞ்சைப் பார்த்தார். முன்னால் நின்றவர் கையில் தன் பேனாவைக் கொடுத்தார்.

"இதை அந்தக் குழாய்ல விட்டுப் பாருங்க," என்றார்.