ரப்பர் விரிப்புக்குக் கீழே ஒரு வணக்கம்

ஐம்பது வயதில் ஆணுக்கு வரும் வியாதிகளில் சர்க்கரைக்கு மாத்திரை உண்டு. பழைய ஜீப் ஆசைக்கு இல்லை. எனக்கு இரண்டும் ஒரே வருடத்தில் வந்தன.

சென்னையை ஒட்டிய நூம்பலில் எங்கள் அடுக்ககத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு விவசாயக் குடும்பத்தின் மாட்டுக் கொட்டகையில் அந்த ஜீப் நின்றது. வயல்களெல்லாம் மனைகளாகிவிட்டன. மாடுகள் மிச்சம். ஜீப் அவற்றோடு ஒன்றாக அசை போட்டுக்கொண்டிருந்தது. வாங்கப் போவதற்கு முன் மூன்று வாரம் துருவைப் பற்றிப் படித்தேன். இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று இப்போதும் என்னால் அரைமணி நேரம் பேச முடியும், கேட்பதற்குத்தான் ஆளில்லை. தகடு அரித்துப்போன ஓட்டைகளைப் பட்டி பூசி மூடி மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்கள், காந்தம் வைத்தால் ஒட்டாமல் விழுந்து குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதும் படித்ததுதான். வீட்டில் இருந்த ஒரே காந்தம் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த, ஊட்டியில் வாங்கிய, மண்ணால் செய்த மலை ரயில். அதைக் கொண்டுபோய் ஜீப்பின் இடப்பக்கத்தில் வைத்தேன். ரயில் தடம்புரண்டது. மறுபடி வைத்தேன். மறுபடியும் விழுந்தது. ரயிலின் கனம் அதிகம் என்று முடிவு கட்டினேன்.

"இன்னா சார், பொம்மைய வெச்சி வெளையாடிகினு கீறே?" என்றார் ஜீப்பின் சொந்தக்காரர். "வண்டி சும்மா கல்லு மாதிரி கீது!"

இரும்பு மாதிரி என்று அவர் சொல்லவில்லை. நான்தான் கவனிக்கவில்லை.

என் கனவில் நான் ஜீப்பை ஓட்டுவேன், பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருப்பாள், ஜவ்வாது மலை ஏறுவோம். கல்யாணமானதிலிருந்து போகிறோம் போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிற மலை. கனவில் அவள் ஒரு குறையும் சொல்லாமல் வருவாள். அது கனவுதான் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. ஏனென்றால் அவள் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். வெல்டிங்கைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, சரியில்லாத இடத்தில் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போடுவது அவள் உத்தியோகம்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று கீழே இறங்கி வந்தாள். கதவைத் திறந்தாள். ஏறவில்லை. வண்டிக்குள் தரையில் கிடந்த ரப்பர் விரிப்பை இரண்டு விரலால் தூக்கினாள். அடியில் ஒரு பிளெக்ஸ் பேனர் துண்டு. யாரோ ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்து. கும்பிட்ட கைகளும் மீசையும் எங்களைப் பார்த்துச் சிரித்தன. அதையும் தூக்கினாள். அதற்குக் கீழே வண்டி இல்லை. கார் நிறுத்தும் இடத்தின் சிமெண்ட் தரையும் என் செருப்பும்தான் தெரிந்தன.

"ஏங்க, யாரு இவரு?"

"தெரியலையே."

"தெரிஞ்சு வெச்சுக்குங்க. உங்க வண்டிய இவ்வளவு நாள் தாங்கிட்டு இருந்தவரு."

பிறகு நிபந்தனை வந்தது. "துருப்பிடிச்சதெல்லாம் வெட்டிட்டுப் புதுத் தகடு வெச்சு வெல்டு பண்ணணும். பட்டி ஒரு ஸ்பூன்கூடக் கூடாது. நான் தட்டிப் பார்ப்பேன். அதுக்கப்புறம்தான் ஏறுவேன்."

"ஆயுத பூசைக்குள்ள முடிச்சிடறேன்."

"எந்த வருஷத்து ஆயுத பூசை?"

அம்பத்தூரில் தகட்டு வேலை செய்யும் ஒரு டிங்கர் கிடைத்தார். பெயிண்டைச் சுரண்டச் சுரண்டத் தகடும் கூடவே உதிர்ந்தது. இடப்பக்கத்தை மோந்து பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் மாடு கட்டிகினு இருந்தாங்களா?" என்றார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மூத்திரம் பட்டா தகடு தாங்குமா சார்? அடியில கீற சட்டம், சேஸு, அது தப்பிச்சதே சாமி புண்ணியம்."

இரண்டு மாதம் வேலை நடந்தது. பிளெக்ஸ் மீசைக்காரரைத் தரையில் விரித்து, அவர் மேல் படுத்துத்தான் டிங்கர் அடிப்பக்கத்தை வெல்டு செய்தார். சனிக்கிழமைதோறும் போய்த் துருவின் தத்துவத்தை விளக்கினேன். நாலாவது வாரத்திலிருந்து 'சார்' போய்விட்டது. "நைனா, அந்தாண்ட குந்து. பொறி வுழும்" என்பார்.

பூசைக்கு மூன்று நாள் இருக்கும்போது, இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை மிச்சமிருந்தது. வளைவான இடம். தகட்டை அடித்து வளைக்கவே இரண்டு நாள், அப்புறம் பெயிண்ட் காய வேண்டும், முடியாது என்றார். மூன்று வாரம் படித்த நான் மெதுவாகக் கேட்டேன்: "பட்டி வெச்சிடலாமா?"

டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்தார். "ஊட்டம்மா இன்னா சொல்லிச்சி?"

"அவளுக்குத் தெரியவா போகுது?"

"உன் ஊட்டு மேட்டரு நைனா. அப்பால என்னைக் கேக்காதே."

ஆயுத பூசையன்று ஜீப் சந்தனமும் குங்குமமும் வாழைக்கன்றுமாக மாப்பிள்ளை போல நின்றது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மனைவி பட்டுப்புடவையில் வந்தாள். ஒரு கையில் கற்பூரத் தட்டு. இன்னொரு கையில் சின்னச் சுத்தியல்.

முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். டங். டங். டங். கோயில் மணிகூட எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு வந்தாள். டப். நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. மறுபடி தட்டினாள். டப்.

தட்டிலிருந்து குங்குமத்தைத் தொட்டு அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். எதிர்வீட்டு மாமி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வட்டத்தின் பொருள் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஆரத்தி முடிந்ததும், "பூசை வண்டிக்கு. நான் ஏறல" என்று மாடிக்குப் போய்விட்டாள். நான் தனியாக எலுமிச்சம்பழங்களை நசுக்கிவிட்டுத் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தேன். பக்கத்து இருக்கையில் பொரிப் பொட்டலம் உட்கார்ந்து வந்தது. திரும்பும்போது அதைக்கூட நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

பூசை விடுமுறை முடிந்து பட்டறை திறந்ததும் வண்டியைக் கொண்டுபோய், நடந்ததைச் சொல்லி, டிங்கர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு பட்டியைப் பெயர்த்துப் போட்டுவிட்டுத் தகட்டை வளைக்க ஆரம்பித்தார். இந்தமுறை நான் தத்துவம் பேசவில்லை. தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சட்டையும் கட்டைவிரல் நகத்தில் பாதியும் போயின. ஒரு வாரம் ஆயிற்று.

வேலை முடிந்ததும் மனைவியைப் போனில் கூப்பிட்டு, "அன்னிக்கு வெச்சது பட்டி. நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். அவருக்கு அந்தத் தைரியம் வராது," என்றாள்.

ஆலையிலிருந்து நேராகப் பட்டறைக்கே வந்தாள். டிங்கர் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். அவள் தட்டினாள். டங். இன்னும் இரண்டு இடம் தட்டினாள். பிளெக்ஸ் மீசைக்காரர் மேல் முழங்காலிட்டுக் குனிந்து அடிப்பக்கமும் பார்த்தாள். பையிலிருந்து வெள்ளைச் சாக்பீஸ் எடுத்து, சக்கரத்துக்கு உள்பக்கமாக ஒரு டிக் போட்டாள்.

"நீ இங்கயே வேலைக்கு வந்துடும்மா," என்றார் டிங்கர்.

சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வேலப்பன்சாவடி வந்தது. அங்கே காலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்துப் பார்த்தாள். தரை தாங்கியது.

"ஜவ்வாது மலைக்கு எப்போ?"

நான் பதில் சொல்வதற்குள், "என் பக்கத்துக் கதவுல ஒரு சத்தம் வருது, கேக்குதா?" என்றாள்.

ரோடு சத்தம் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"கேக்குது," என்றேன்.