முதல் கியரிலேயே போன பொம்மையார்பாளையம் யாத்திரை

இன்று காலை என் இடது கால் பணி ஓய்வு பெற்றது.

கிளட்ச் மிதித்தே முட்டி தேய்ந்த கால் அது. (அந்த மிதியைச் சைக்கிளில் மிதித்திருந்தால் நிலாவுக்கே நாலு தடவை போய் வந்திருப்பேன்.)

"இனி கிளட்ச் கூடாது" என்று போன மாதமே சொல்லிவிட்டார் டாக்டர்.

"அப்ப வண்டிய வித்துடுங்க" என்றாள் வீட்டம்மா.

விற்பதா? மரக்காணத்து உப்பில் பாதியைச் சுமந்த என் பழைய டீசல் பிக்கப்பையா?

மெக்கானிக் ரஃபியிடம் ஓடினேன். பழைய வண்டி உடைக்கும் இடத்தில் ஓர் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் பிடித்து வந்தான். அதே கம்பெனி, ஆனால் பெட்ரோல் வண்டியுடையது. இன்ஜினோடு வைத்துப் பார்த்தால் எல்லா போல்ட் ஓட்டையும் அச்சாகச் சேர்ந்தது. பத்துப் பொருத்தம்! (எனக்கும் வீட்டம்மாவுக்குமே ஏழுதான்.)

உப்பளத்துக் கரைமேல் மூன்று நாள் ஓட்டிப் பார்த்தோம். தேர் போல நகர்ந்தது. எலுமிச்சம்பழம்கூட நசுக்கிவிட்டோம்.

நேற்று வீட்டம்மாவோடு பொம்மையார்பாளையத்து மச்சினி வீட்டுக்குக் கிளம்பினேன்.

"ஒழுங்கா போய்ச் சேர்ந்தா வண்டி இருக்கட்டும். இல்லன்னா வித்துடணும்" என்றாள் ஏறும்போதே.

ஈசிஆர் கடற்கரைச் சாலையில் ஏறியதும் சத்தம் விமானம், வேகம் மாட்டுவண்டி. சைக்கிளில் போன தயிர்க்காரர் எங்களை முந்தினார். திரும்பி வேறு பார்த்தார்.

"ஏங்க, எறங்கித் தள்ளட்டுமா?"

"சும்மா இரு. இன்ஜின் ஜோரா இருக்குது."

"கத்துது. ஆனா போவலையே."

ஓரங்கட்டி ரஃபிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ரெண்டாவது கியர் விழுதா?"

"இதுக்கு முன்னாடி விழுந்துச்சாடா?"

"இருங்கண்ணே, வர்றேன்" என்று போனை வைத்துவிட்டான்.

உப்பளத்துக் கரையில் யாருமே முதல் கியரைத் தாண்டுவதில்லை. தாண்டினால் வண்டி பாத்தியில் கிடக்கும். ஆக, மூன்று நாளும் முதல் கியரை மட்டுமே சோதித்துவிட்டு எலுமிச்சம்பழம் நசுக்கியிருக்கிறோம்.

பைக்கில் வந்து பார்த்தான் ரஃபி. "பெட்ரோல் இன்ஜின் நல்லா வேகமா சுத்தும்ணே. அந்த வேகத்துக்குத்தான் இது கியர் மாத்தும். உங்க டீசல் அவ்ளோ சுத்தாது. உள்ள ஒரு ஸ்பிரிங்க மாத்துனா கொறஞ்ச வேகத்துலயே கியர் மாத்திடும்."

"நாளைக்குக் காலை வரைக்கும்தான் டைம்" என்றாள் வீட்டம்மா.

முதல் கியரிலேயே ஊர் திரும்பினோம். சாயங்காலம் வரை வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தான் ரஃபி.

இன்று காலை மறுபடி ஈசிஆர். இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. அதே தயிர்க்காரரை முந்தினோம். (கையசைத்தேன். வேண்டுமென்றேதான்.)

மச்சினி வீட்டு வாசலில் இறங்கிய வீட்டம்மா, "சரி, வண்டி இருக்கட்டும்" என்றாள்.

பிறகு நிதானமாகச் சேர்த்தாள்: "இத்தன வருஷமா நான் எது கேட்டாலும் 'இரு, கியர் மாத்திக்கிறேன்'னு சொல்லித் தப்பிச்சீங்க. இனி என்ன சொல்லுவீங்க?"

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருக்கும் கணவன்மார்களே, நீங்கள் என்னதான் சொல்கிறீர்கள்? அவசரம். வீட்டம்மாவோடு திரும்பக் கிளம்ப இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது.