சம்பந்தியம்மாவின் லேத்து

என் சம்பந்தியம்மா கடைசல் வேலை செய்கிறவர். மகனின் கல்யாணப் பேச்சுக்காக நான் முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது, தலையெல்லாம் மரத்தூளோடு வந்து கதவைத் திறந்தார். "உட்காருங்கண்ணா, ஒரு பிடி பாதியில நிக்குது" என்று உள்ளே போனவர், அந்த உளிப்பிடியைக் கடைந்து முடித்துவிட்டுத்தான் பேச வந்தார். எனக்கு அப்போதே அந்தக் குடும்பம் பிடித்துவிட்டது.

சின்ன வயதில் ஒரு பட்டறையில் மரச்சுருள் அள்ளும் வேலைக்குப் போனவர் அவர். அள்ளினது கொஞ்சம், வேடிக்கை பார்த்தது அதிகம். ஒரு நாள் கடைசல்காரர் வரவில்லை. இவர் உளியைப் பிடித்தார். அப்புறம் அதை யாராலும் இவர் கையிலிருந்து வாங்க முடியவில்லை. பட்டறைக்குப் பெரிய மெஷின் வந்ததும், மரம் கடையும் பழைய சின்ன லேத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். உளிக்குப் பிடி, கதவுக்குக் குமிழ், கட்டிலுக்குக் கால் என்று கடைந்து கடைந்தே ஒற்றை ஆளாக மகளை வளர்த்தார். அந்த மகள்தான் என் மருமகள்.

இப்போது என் பேத்தி பிறந்திருக்கிறாள். மூக்கு எங்கள் பக்கம். சந்தேகம் இருக்கிறவர்கள் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

லேத்து இருந்த முன்னறையைச் சம்பந்தியம்மா தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டு, லேத்தைப் பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றினார். அங்கே பிளக் கிடையாது. வீட்டில் கிடந்த ஒரு நீள வயரை முன்னறை பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக இழுத்துக் கொடுத்தார். பிடித்தது சனி. சுவிட்சைப் போட்டால் லேத்து "ம்ம்ம்" என்று முனகும், சுற்றாது. கொஞ்ச நேரத்தில் மெயின் பெட்டியில் இருக்கும் பிரேக்கர் படக்கென்று விழும். முன்னறை ஃபேன் நிற்கும். பேத்தி விழித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவாள்.

"அம்மா, இன்னொரு தடவை ஃபேன் நின்னுச்சு, பிள்ளையைத் தூக்கிட்டு மாமா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் மருமகள். மாமா என்றால் நான்தான்.

"போறதுன்னா நீ போ. பிள்ளையை விட்டுட்டுப் போ."

வாய்தான் அப்படிப் பேசியது, முகம் செத்துப் போயிற்று. லேத்தை நிறுத்தினால் அடுப்பு எரியாது. ஓட்டினால் பேத்தி போய்விடுவாள். எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் தொட்டில் கட்ட உத்தரத்தைக்கூடப் பார்த்து வைத்துவிட்டேன்.

தெருக்கோடி எலக்ட்ரீஷியன் வந்தார். அவரை எல்லோரும் ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டாருக்குப் புது கெப்பாசிட்டர் போட்டார். அப்போதும் முனகல்தான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினார், மோட்டார் பம்பரமாகச் சுற்றியது. பெல்ட்டை மாட்டினார், படக்! உள்ளே பேத்தி ஆரம்பித்தாள்.

"மோட்டார் கரண்டை ரொம்ப இழுக்குதுக்கா. வயசாயிடுச்சு."

"யாருக்கு?"

"மோட்டாருக்குத்தாங்க்கா!"

நான் சும்மா இருந்திருக்கலாம். "போனாப் போகுது சம்பந்தி, பேத்தி எங்க வீட்டுல நல்லாத் தூங்குவா" என்றேன்.

"அண்ணா, நீங்க ஆறுதல் சொல்றீங்களா, தொட்டில் கட்டறீங்களா?"

அதற்குள் மருமகள் துணிப்பையோடு வெளியே வந்துவிட்டாள். தோளில் பிள்ளை, கையில் பால் புட்டி. "இவ வேற! புது ரப்பர் மாட்டினதிலேர்ந்து இழுக்கறா, இழுக்கறா, வயிறு ரொம்பவே மாட்டேங்குது. களைச்சுப் போய்க் கத்தறா."

சம்பந்தியம்மா புட்டியை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். யோசித்து யோசித்து ஒரு சொட்டு விழுந்தது. "ஓட்டை ஊசிமுனை மாதிரி இருக்குடி. வர்ற வழி சின்னதா இருந்தா பிள்ளை எவ்வளவுதான் இழுக்கும்?"

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். கண் ஜன்னலில் தொங்கின வயருக்குப் போயிற்று.

"ஏம்பா ஃபியூஸு, நீ என்ன சொன்னே? மோட்டார் இழுக்குதுன்னுதானே? அதுக்குப் போற வழி எவ்வளவு பெருசு?"

ஃபியூஸ் வயரைத் தொட்டார். கையை உதறினார். "யக்கா, கொதிக்குது! இது மேஜை விளக்குக்குப் போடற வயரு! இவ்வளவு தூரம் இதுல வந்தா வோல்டேஜ் எங்கே மிஞ்சும்? கிளம்பவே தெம்பில்லாம நின்னுக்கிட்டே இழுக்குது, அதான் பிரேக்கர் விழுது." மீட்டரை வைத்துக் காட்டினார். பிளக்கில் நன்றாக இருந்த வோல்டேஜ், சுவிட்சைப் போட்டதும் லேத்துப் பக்கம் தொப்பென்று இறங்கியது.

தடித்த வயர் வாங்க யாரை அனுப்பினார்கள்? என்னைத்தான். கடை மூடியிருந்தது என்று சொல்லிவிடலாமா என்று சைக்கிளை மிதித்தபடியே நினைத்தேன். ஆனால் சம்பந்தியம்மா முகம் கண்ணில் நின்றது. புட்டிக்கு வேறு ரப்பரும் சேர்த்து வாங்கிக்கொண்டு திரும்பினேன். மெயின் பெட்டியிலிருந்து கொட்டகைக்கு ஃபியூஸ் தனி லைன், தனி பிரேக்கர் போட்டுக் கொடுத்தார்.

சம்பந்தியம்மா சுவிட்சைப் போட்டார். ஒரே உறுமல், லேத்து கிளம்பிவிட்டது. மரச்சுருள் சுருண்டு சுருண்டு விழுந்தது. எல்லோரும் முன்னறையை எட்டிப் பார்த்தோம். ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. பேத்தி வயிறு முட்டக் குடித்துவிட்டு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, அந்தப் பையை உள்ளே வைச்சிடுங்க" என்றாள் மருமகள்.

சொந்தச் செலவிலேயே சூனியம் வைத்துக்கொண்டேன். சம்பந்தியம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் உள்ளே போய், ஒரு கூடை உளிப்பிடிகளும் உப்புத்தாளும் கொண்டு வந்து என் முன்னே வைத்தார்.

"தினம் வந்து தேய்ச்சுக் குடுங்கண்ணா. பிள்ளை முழிச்சா முதல்ல உங்க மடியிலதான். ஆனா கையைக் கழுவிட்டு."

இப்போது நான் தினமும் போகிறேன். அவசரமே படாமல் தேய்க்கிறேன்.