பரேட்டில் விழுந்த நாகலெட்சுமி

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருஷமாகக் கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமிக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாத இங்கிலீஷ்தான் அவள் காலை வாரிவிட்டது.

முதலில் வாரியது பாசி. காலைப் பெரட்டில் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தார். தன் பேர் வந்ததும் "ஐயா" என்று ஓரடி முன்னால் வைத்தாள். அவ்வளவுதான், முழங்கால் சில்லு இரண்டாகப் போயிற்று. இரண்டு மாதம் கட்டு. சரிவு ஏறவே கூடாதென்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

இனித் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் உட்கார்ந்து காம்பு பொறுக்கும் வேலை கிடைத்தால்தான் உண்டு. அது வேலையில் அடிபட்டவர்களுக்கு மட்டுமாம். கொழும்பு ஆபீஸுக்கு எழுதிப் போடச் சொன்னார்கள்.

டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மனு எழுதும் சோலைமலையிடம் போனாள். இங்கிலீஷ் என்றால் அந்த மனிதருக்குக் கல்யாண வீட்டுப் பாயாசம் மாதிரி.

"பெரட்டுன்னு எழுதுனா கொழும்புக்காரனுக்கு வெளங்குமா தங்கச்சி? அது வெள்ளைக்காரன் பட்டாளத்துச் சொல்லு. பரேட்! ஆள வரிசையா நிப்பாட்டுறது. நம்ம பாட்டன்மாரு வாயில போட்டு மென்னு பெரட்டாக்கிட்டாங்க."

"அப்ப சரியானதையே எழுதுங்கண்ணே."

ஒரு தடவை போதாதென்று நாலு இடத்தில் 'பரேட்' போட்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கண்டாக்கு தமிழில் சொன்னார். "பரேட்டுன்னா ஊர்வலமாம். ஊர்வலத்துல போயி விழுந்ததுக்கு நிர்வாகம் பொறுப்பில்லையாம்."

கூடப் பறிக்கும் மீனம்மா விடுவாளா? "ஏன்டி, எந்தக் கட்சி ஊர்வலம்? கொடி பிடிச்சியா, கோஷம் மட்டுந்தானா?"

எல்லாரும் சிரித்தார்கள். நாகலெட்சுமியும் கொஞ்சம் சிரித்துவிட்டாள். பிறகுதான் கண்டாக்கு பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நீங்க பேரு கூப்பிட்டுத்தான வந்தேன். ஒங்க கண்ணு முன்னாடிதான விழுந்தேன்."

"எனக்குத் தெரியும். அந்தக் காயிதத்துக்குத் தெரியாதே, நான் என்ன செய்ய?"

சோலைமலை வேறு சொல் போட்டு இரண்டாம் மனு எழுதினார். அதற்கும் பதில் வந்தது: முதலில் ஊர்வலம் என்றீர்கள், இப்போது வேறொன்று சொல்கிறீர்கள், நம்ப முடியவில்லை, இத்தோடு முடிந்தது.

"சொல்லு சரியான சொல்லுதான் தங்கச்சி. வாசிச்சவன்தான் பிசகு."

"அந்த ஆள எங்கண்ணே போயிப் பாக்குறது?"

சோலைமலை பேனாவை மூடித் திறந்து பார்த்தார்.

திங்கட்கிழமை பெரட்டில் கண்டாக்கு அவள் முகத்தைப் பார்க்காமலே கூப்பிட்டார்.

"நாகலெட்சுமி, ஏழாம் நம்பர் மலை."

தோட்டத்திலேயே செங்குத்தான மலை அது. நல்ல காலை எடுத்து வைத்து, மற்றதைக் கையால் தூக்கி வைத்து ஏறினாள். பின்னால் வந்தவர்களெல்லாம் முந்திப் போனார்கள். மேலே முதல் கூடை நிறைந்தபோது, அவள் இன்னும் பாதி வழியில்தான் நின்றுகொண்டிருந்தாள்.