சந்தாதாரர் உறுதி செய்தார்

எங்கள் லைன்மேன் கிறிஸ்டோபருக்கு நாற்பது குரல்கள் தெரியும். கிழவன், கிழவி, சளி பிடித்த வாத்தியார், தூக்கத்தில் எழுப்பப்பட்ட பட்டுக்கடை முதலாளி, யாரானாலும் பேசிக் காட்டுவான். தாமல் பக்கத்தில் பிறந்தவன். அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். இவன் பதினெட்டு வயதில் காஞ்சிபுரத்துத் தெருக்களில் தொலைபேசிக் கம்பி புதைக்கப் பள்ளம் வெட்டும் கூலியாக வந்து, பிறகு அதே கம்பிகளுக்கு லைன்மேன் ஆனான். "எந்தக் கம்பி எந்த வூட்டுக்குப் போவுதுன்னு எனக்கும் ஏசுவுக்கும்தான் மேடம் தெரியும்" என்பான். பெருமைதான், ஆனால் பொய் இல்லை.

குரல் வித்தை கிறிஸ்துமஸ் நாடகத்தில் கற்றது. பயன்பட்டது எக்ஸ்சேஞ்சில். ஒரு வீட்டில் தொலைபேசி பழுதென்று புகார் வந்தால், சரிசெய்த பிறகு சோதனை மேசையிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். வீட்டுக்காரர் எடுத்து "வேலை செய்கிறது" என்று சொன்னால்தான் புகாரை முடிக்கலாம். மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு நூறு புகார் வரும். ஆள் இருப்பதோ மூன்று பேர். லைன்மேன்கள் தெருமுனைப் பெட்டியைத் திறந்து, சோதனை ரிசீவரைக் கம்பியில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்காரர் போலத் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். வீட்டுக்கு நாளைக்குப் போய்க்கொள்ளலாம். சோதனை மேசையில் உட்கார்ந்திருந்தது நான், கமலாட்சி. இந்தத் தில்லாலங்கடி எனக்குத் தெரியாதா? "சந்தாதாரர் உறுதி செய்தார்" என்று பதிவேட்டில் எழுதிவிட்டுச் சிரித்துக்கொள்வேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில், தேர் ஓடும் வீதியில் தனியாக இருந்த கிருஷ்ணம்மாள் பக்கத்து வீட்டுப் பையனிடம் புகார் சொல்லி அனுப்பியிருந்தார். சாயங்காலம் நான் அவர் எண்ணைக் கூப்பிட்டேன். "ஆமாம்மா, நல்லா கேக்குது. நீ நல்லா இருக்கணும்" என்றது ஒரு கிழவிக் குரல். கிறிஸ்டோபர்தான் என்று எனக்குத் தெரியும். எழுதி முடித்தேன். மழை விடவில்லை. அவன் மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். புகார் சொன்ன அன்று இரவே கூடத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தொலைபேசியை மடியில் இழுத்து வைத்தபடியே அந்த அம்மாள் இறந்திருந்தார்.

பத்தாம் நாள் முடிந்து மகள் சங்கரி எக்ஸ்சேஞ்சுக்கு வந்தாள். ஆரணியில் கட்டிக்கொடுத்த பெண். அம்மாவோடு ஏதோ சண்டை, நான்கு மாதம் பேச்சில்லை. "அன்னிக்கு அம்மா போன் வேலை செஞ்சுதா மேடம்?" என்று கேட்டாள். என் வேலை போய்விடுமே என்று நினைத்தேன். வெட்கம் கெட்டுத்தான் சொல்கிறேன், அதைத்தான் நினைத்தேன். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். படித்துவிட்டு, "அப்போ போனக் கையில எடுத்துட்டும் என் நம்பரப் போட அவங்களுக்கு மனசு வரல" என்று சொல்லிவிட்டுப் போனாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கிறிஸ்டோபர் அதற்குப் பிறகு குரல் மாற்றிப் பேசவே இல்லை. நானும் அவனும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இந்த வருஷம் பழைய கம்பிக்குத் திடீரென்று மவுசு வந்தது. தேர் ஓடும் வீதியில் தலைக்கு மேலே இன்டர்நெட்டுக்கான கண்ணாடி இழை இழுக்க முடியாது, தேர் வரும்போது அறுத்துவிடுவார்கள். புதுச் சாலையைத் தோண்ட நகராட்சி விடாது. ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் செப்புக் கம்பியின் இரண்டு முனையிலும் புதுக் கருவி வைத்தால், தெருமுனைப் பெட்டிக்குப் பக்கத்து வீடுகளுக்கு நூறு மெகாபிட் வரை கொடுக்கலாம் என்று மேலிடத்தில் கண்டுபிடித்தார்கள். எந்தக் கம்பி தேறும் என்று பார்க்கச் சொன்னார்கள். முதல் விண்ணப்பம் சங்கரியுடையது. அவள் இப்போது அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். வீடியோவில் சேலை காட்டி விற்கிறாள். "முந்தானைய விரிச்சுக் காட்டறதுக்குள்ள படம் நின்னுடுது மேடம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தப் பழைய கம்பிக்கு எண் கொடுத்துக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"ஆமாம்மா, நல்லா கேக்குது. நீ நல்லா இருக்கணும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னாபா கிறிஸ்டோபர், இவ்ளோ நடந்தும் இந்த வேலைய வுடலியா?" என்றேன்.

"இன்னா மேடம்?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

தெருமுனைப் பெட்டியின் சாவி வாங்க வந்து நின்றுகொண்டிருந்தான். சாவி என் எதிரே ஆணியில் தொங்கியது. ரிசீவரில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவனிடம் நீட்டினேன். காதில் வைத்துக் கேட்டான். "மேடம், இது நான். அன்னிக்குப் பேசுன நான்" என்றான். சங்கரி வீட்டில் தொலைபேசியே இல்லை. சுவரில் டேப் சுற்றிய கம்பி முனை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதை முந்தின நாள்தான் பார்த்து வந்திருந்தான்.

பெட்டிக்குப் போய் அளந்தான். மழைநீரில் ஊறிய கேபிளில் மற்றக் கம்பிகளெல்லாம் இரைந்தன. அந்த ஒன்று மட்டும் புதிதுபோல இருந்தது. நூறும் தாங்கும் என்றது கருவி. கம்பி கெட்டுவிட்டது என்று எழுதி மூடிவிடலாமா என்று அவனிடம் கேட்டேன். எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னும் எத்தினி வாட்டி மேடம் பொய் எழுதுவ?" என்றான். மேடத்துக்கு அவன் முதன்முதலாகக் கொடுத்த மரியாதைக் குறைவு. வாங்கிக்கொண்டேன்.

இருவரும் சங்கரி வீட்டுக்குப் போனோம். நல்ல வெயில். பக்கத்து வீடுகளில் தறி ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கருவியையும் ஒரு தொலைபேசியையும் கிறிஸ்டோபர் கூடத்தில் மாட்டினான். விதிப்படி வீட்டுக்காரர் உறுதி செய்ய வேண்டும். என் செல்போனிலிருந்து கூப்பிட்டேன். சங்கரி சிரித்துக்கொண்டே எடுத்தாள். ஹலோ சொல்ல வாய் திறந்தவள் அப்படியே நின்றாள். எனக்கும் கேட்டது, அவளை முந்திக்கொண்டு பேசிய அந்தக் குரல்.

"யாரோ எங்க அம்மா மாதிரி பேசறாங்க" என்றாள் மெல்ல. "அம்மா இல்ல. எங்க அம்மா யாரையும் நல்லா இருக்கணும்னு வாயால சொல்ல மாட்டாங்க. நீங்க யாருங்க பேசறது?"

"நான்தாம்மா" என்றான் கிறிஸ்டோபர்.

கூடத்துத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். வீட்டுக்கு வரும் கம்பி அப்போது அறுந்து கிடந்ததையும், வீட்டுக்கே வராமல் பெட்டியிலிருந்து பேசியதையும், மூன்றாம் நாள் பந்தலைப் பார்த்துத் திரும்பிப் போனதையும். நான் தெரிந்தே எழுதினேன் என்பதை நானே சொன்னேன். என் செல்போனில் அந்தக் குரல் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றதென்று தெரியவில்லை.

அடிப்பாள், போலீசுக்குப் போவாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அடித்தால் நிம்மதியாக இருக்கும் என்றும் தோன்றியது. சங்கரி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

"அப்போ அம்மா என் நம்பரப் போட்டிருக்காங்க" என்றாள்.

"ஆமாம்மா."

"போகலன்னதும் திருப்பிப் போட்டிருப்பாங்க."

கிறிஸ்டோபர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்தான்.

"ரெண்டு நாள் அப்படியே கெடந்திருக்காங்க" என்றாள் சங்கரி. "எத்தினி வாட்டி போட்டிருப்பாங்கண்ணா?"