பெரியவரைத் தோற்கடித்த வருஷம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மொட்டை மாடிக்கு மேலே இருக்கும் மோட்டார் அறையில், முழங்கைவரை கிரீஸோடு உட்கார்ந்து, உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடிய செஸ் ஆட்டங்களைப் படிக்கிறவர் இந்த ஊரிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். உதிரிப் பாகம் வந்து சேரும்வரை வேறென்ன செய்வது என்று கேட்பார். வீட்டில் ஒழுகும் குழாயை மாற்றலாம் என்று நான் ஒரு வழி சொல்வேன். அது மட்டும் காதில் ஏறாது.

எல்லாம் அவர் அண்ணனால் வந்தது. எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெரியவர் என்றே பெயர். சொந்தமாக ஒரு பள்ளி வேன் வைத்து ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அண்ணனும் தம்பியும் பலகையை விரித்துவிடுவார்கள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜெயிப்பவர் பெரியவர்தான். ஜெயித்துவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டார். "என்னடா, இன்னிக்கும் நடுவுல மாட்டிக்கிச்சா உன் லிஃப்ட்?" என்பார். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வாயே திறக்க மாட்டார்.

ஐம்பது வயதில் ஒருநாள் இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆடிக்கொண்டே இருந்தால் மட்டும் தேற முடியாது, கெட்டிக்காரர்கள் ஆடியதைப் படிக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். பழைய ஆட்டங்கள் அடங்கிய ஒரு தடிமனான புத்தகத்தை வாங்கி வந்தார். ஜெயித்தவர் அடுத்து ஆடியதை ஒரு அட்டையால் மறைத்துக்கொள்வார். அந்த இடத்தில் தான் இருந்தால் எதை நகர்த்துவோம் என்று யோசிப்பார். பிறகு அட்டையை விலக்கிப் பார்ப்பார். பெரும்பாலும் முகம் தொங்கிப்போகும்.

"இந்தாளு ஏன் குதிரையைத் திரும்ப வீட்டுக்கே ஓட்டிட்டு வராரு?" என்று சாப்பிடும்போது என்னிடம் கேட்பார்.

"அதுக்கும் பசிக்குமில்ல" என்பேன்.

இரண்டு நாள் கழித்து விடையோடு வருவார். முன்னால் நின்ற குதிரைக்கு அங்கே வேலையே இல்லையாம். பின்வாங்கி, மறுபக்கமாகச் சுற்றிப் போனால், யாரும் விரட்ட முடியாத நல்ல இடம் நடுப்பலகையில் கிடைக்குமாம். "காயை வெட்டறது இல்ல ஆட்டம். நம்ம காய்ல எது சும்மா உக்காந்திருக்குன்னு பாத்து, அதுக்கு ஒரு வேலை குடுக்கணும். அதுதான் ஆட்டம்" என்றார். என்னைச் சாடையாகச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

அந்த வருஷக் கோடையில் அவர் முதல் தடவையாகப் பெரியவரை ஜெயித்தார். அடுத்த வாரமும் ஜெயித்தார். பிறகு ஜெயிப்பதே வழக்கமாகிவிட்டது. மனிதருக்குக் கால் தரையில் படவில்லை. கூட வேலை செய்கிறவர்கள், தெரு முனைத் தையல்காரர், பழுது பார்க்கப் போன கட்டடத்துக் குடித்தனக்காரர்கள் என்று ஒருவரையும் விடாமல் சொல்லித் தீர்த்தார். பெரியவரிடமே, "எல்லாம் படிப்புண்ணா, படிப்பு" என்று நெஞ்சை நிமிர்த்துவார். பெரியவரும் கோபித்துக்கொள்ளவில்லை. "தம்பி இனிமே நம்ம கைக்கு எட்ட மாட்டான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசினார்.

ஒரு ஞாயிறு பெரியவர் யானையை, மந்திரி மாதிரி, குறுக்கே சாய்வாக நகர்த்தி வைத்தார். யானை நேராகத்தான் போகும் என்பது எனக்கே தெரியும். இவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "யானைக்கு மதம் புடிச்சிருச்சுண்ணா" என்றார். காயை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். அந்த ஆட்டத்தையும் ஜெயித்தார்.

இந்தத் தைரியத்தில், மழைக்காலம் முடிந்ததும், ஊர்ப் பொது மண்டபத்தில் நடந்த ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்தார். புதிதாக ஆட வருகிறவர்களுக்கான, இருப்பதிலேயே கடைசிப் பிரிவு. இஸ்திரி போட்ட சட்டையோடு சனிக்கிழமை காலை கிளம்பினார். ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றார். கடைசியாக அவரைத் தோற்கடித்த பேக்கரிக்காரர், தான் ஆட ஆரம்பித்தே ஒரு வருஷம்தான் ஆகிறது என்று ஆறுதல் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். மூக்கு உடைபட்ட வருத்தம் என்று நினைத்து, நான் கிண்டல் செய்யத் தயாரானேன். அவர் முகத்தைப் பார்த்ததும் போய்த் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன்.

"நான் ஒண்ணும் தேறல" என்றார். "பழைய மாதிரிதான் ஆடறேன். அப்புறம் எப்படி அண்ணனை வாராவாரம் ஜெயிக்கறேன்?"

எனக்கு உடனே புரியவில்லை.

"அண்ணன்தான் குறைஞ்சிட்டே வராரு. யானையைக் குறுக்க வச்சாரே, அன்னிக்கே மனசுல சுருக்குன்னுச்சு. அம்பது வருஷமா ஆடறவர் அப்படி வைப்பாரா? கேட்டிருக்கணும். கேட்டா என் ஜெயிப்பு பொய்யாயிடும்னு கேக்கல." செருப்பைக் கழற்றப் போனவர் நிமிர்ந்து, "அந்த வண்டியில பிள்ளைங்க போகுது" என்றார்.

அப்போதே அவர் அண்ணிக்கு, அதாவது என் ஓரகத்திக்கு, போன் செய்தார். அந்தப் பக்கம் அக்கா அழுதது எனக்கே கேட்டது. வண்டியை இரண்டு முறை வேறு தெருவுக்குள் விட்டுவிட்டு, ரோடு தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று பெரியவர் சமாளித்திருக்கிறார். அக்கா மாதக்கணக்காக டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார். "செஸ்ல கூட இப்பல்லாம் தடுமாறுறீங்களேன்னு கேட்டுப் பாத்துட்டேன். அது என் தடுமாற்றம் இல்ல, தம்பி படிச்சுத் தேறிட்டான்னு என் வாயை அடைச்சிடறாரு." போனை வைத்த பிறகு இவர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். நான் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் நாங்கள் பெரியவர் வீட்டுக்குப் போனதும், இவர் சாப்பிடாமலே விஷயத்தைச் சொன்னார். "நான் எதுவும் கத்துக்கலண்ணா. நேத்து எல்லார்கிட்டயும் தோத்தேன். வாங்க, ஒருதடவை டாக்டரைப் பாத்துட்டு வந்திடலாம்."

பெரியவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க அண்ணி சொல்லிக் குடுத்தாளா? போடு பலகையை. நான் ஜெயிச்சா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்."

தோற்றுப்போக வேண்டும் என்று இவர் மனதார வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். ஆனால் வேண்டுமென்றே தோற்கவும் முடியாது. தோற்றால் நாளைக்கும் அந்த வேன் கிளம்பும்.

பெரியவர் பழையபடி அழகாக ஆடினார். இவர் காய்களெல்லாம் ஒரு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எங்கள் எல்லோர் முகத்திலும் கொஞ்சம் தெளிவு வந்தது. இவர் முகத்தில் இருந்தது அப்பட்டமான சந்தோஷம். அப்போது பெரியவர் தன் ராணியைத் தூக்கி, இவருடைய மந்திரி குறுக்கே சாய்வாகப் போகிற வழியிலேயே வைத்துவிட்டு, "செக்" என்றார். செக்கும் இல்லை, ராணிக்குப் பாதுகாப்பும் இல்லை.

இவர் காயைத் தொடவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா யோசிக்கிற? ஆடு."

இவர் ராணியை வெட்டினார். அந்தக் காயைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். பெரியவர் பலகையைக் குனிந்து பார்த்தார். விரலால் கோடு போட்டு மந்திரி வந்த வழியைப் பார்த்தார். "நான் எப்படி அங்க வச்சேன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு முன்னாடியே தெரியும்ண்ணா" என்று இவர் உடைந்து அழுதார். "ஜெயிக்கிற ஆசையில பேசாம இருந்துட்டேன்."

பெரியவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவருக்குப் பாரம் குறைந்திருக்கும். அவர் ஜன்னலுக்கு வெளியே நின்ற வேனையே வெகுநேரம் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில பிள்ளைங்களை யாருடா கூட்டிட்டுப் போவா?" என்று கேட்டார்.